ஏரியில் இறங்கிய அரிக்கேன்

அரியலூர் கடைத்தெருவில் சாமி படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருந்தார் பஞ்சநாதன். கடைச் சுவரில் லட்சுமிக்கும் முருகனுக்கும் நடுவே, கண்ணாடி போட்டு மஞ்சள் சட்டம் அடித்து, ஒரு ஆகாய விமானம் தொங்கும். புதிதாக வருகிறவர்கள் சில பேர் மூன்றுக்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பஞ்சநாதன் தடுப்பதில்லை.

படத்துக்குப் பின்னால் வைக்க அவர் பழைய காகிதக் கட்டு வாங்குவார். யுத்தம் தொடங்கியதிலிருந்து அந்தக் கட்டுகளில் வரும் இங்கிலீஷ் பத்திரிகைகளில் பக்கத்துக்குப் பக்கம் விமானம். வெட்டி வெட்டி நோட்டில் ஒட்டினார். மூன்று நோட்டு நிறைந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயதாகியிருந்தது. எந்த விமானத்துக்கு எத்தனை குதிரை சக்தி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். வீட்டில் அரிசி தீர்ந்ததைத்தான் விழித்திருக்கும்போது சொன்னாலும் மறந்துவிடுவார் என்பது அவர் மனைவி தனத்தின் குறை.

ஊரில் இந்தக் கிறுக்கு இன்னொருவருக்கும் இருந்தது. ரயிலடியில் தந்தி குமாஸ்தாவாக இருந்த குருநாதன். நம் விமானம் எது, ஜப்பான்காரன் விமானம் எது என்று கறுப்பு நிழல்களாக அச்சடித்த ஒரு சின்னப் புத்தகம் ஸ்டேஷனுக்கு வந்திருந்தது. மற்றவர்கள் அதைத் தேநீர் டம்ளருக்கு அடியில் வைத்தார்கள். குருநாதன் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனப்பாடம் செய்தார். வானத்தில் சத்தம் கேட்டால் அவர் தந்தி மேசையிலிருந்தும் இவர் கடையிலிருந்தும் வெளியே ஓடுவார்கள். அன்று சாயங்காலம் போனது எது என்று சண்டை நடக்கும். இருவருமே பருந்துக்கு மேலே பறந்ததைத்தான் பார்த்திருந்தார்கள் என்பதால் சண்டைக்கு முடிவு வந்ததில்லை.

நாற்பத்து நாலாம் வருஷம் சித்திரை மாதத்தில், யுத்தப் பிரசார வண்டி பெரம்பலூர் சந்தைத் திடலில் படம் காட்டப்போவதாகத் தண்டோரா போட்டார்கள். ஸ்பிட்பயர் விமானம் எப்படிச் செய்யப்படுகிறது, எப்படிப் பறக்கிறது என்று காட்டுகிற படம். இலவசம். நண்பர்கள் இருவரும் கரிப் புகையில் ஓடும் பஸ்ஸில் ஏறினார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம் அது. மேட்டில் வண்டி நிற்கும்போதெல்லாம் இறங்கித் தள்ளிவிட்டு, முகமெல்லாம் கரியோடு திடலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

வெள்ளைத் துணி கட்டியிருந்தது. வண்டிக்குள் மெஷின் உறுமியது. படத்தில் வெள்ளைக்காரன் பேசுகிற பேச்சைக் குறைத்துவிட்டு, ஒருவர் மைக்கில் தமிழில் வாசித்தார். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. புல்வெளியில் வரிசையாக விமானங்கள் நின்றன.

"இதோ பாருங்கள், எதிரியின் நெஞ்சை நடுங்க வைக்கும் ஸ்பிட்பயர்" என்றது கட்டிய குரல்.

குருநாதன் பஞ்சநாதனின் முழங்கையைப் பிடித்தார். "யோவ், முதுகைப் பாரு."

"பார்த்துட்டேன். திமில்."

"ஸ்பிட்பயருக்கு ஏதுய்யா திமிலு? எறக்கை நுனி பாரு. புன்னை எலை மாதிரில்ல வரணும்?"

பஞ்சநாதனுக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. கல்யாணத்தில் வேறு பெண்ணை மணையில் உட்காரவைத்ததைப் பார்த்தவர் போல எழுந்து நின்றார். "சார், அது ஸ்பிட்பயர் இல்லைங்க. ஹரிக்கேன்" என்றார்.

திடல் திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு விமானம் இருப்பது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு அரிக்கேன் என்றால் ஒன்றுதான். வீட்டு வாசலில் மாட்டுகிற, காற்றில் அணையாத மண்ணெண்ணெய் விளக்கு.

"இருட்டுல அரிக்கேன் கேக்கறாரு. பாவம், ஒண்ணுக்குப் போகணும் போலருக்கு. வழி விடுங்கப்பா" என்றார் முன்வரிசைக்காரர்.

சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு போலீஸ்காரர் வந்து பஞ்சநாதனை வண்டிக்குப் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே மடக்கு நாற்காலியில் பிரசார ஆபீசர் இராமலிங்கம் சுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். வயிற்றுக் கோளாறு முகத்தில் தெரியும்.

"எந்த ஊரு?"

"அரியலூருங்க. படத்துக்குச் சட்டம் போடற கடை."

"அது ஸ்பிட்பயர் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜெயில்தான் என்று பஞ்சநாதன் முடிவு செய்திருந்தார். போவதுதான் போகிறோம், முழுவதையும் சொல்லிவிட்டே போவோம் என்று திமிலில் ஆரம்பித்துச் சக்கரம் மடங்குகிற விதம் வரை சொன்னார். இராமலிங்கம் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், "குரல் நல்லாருக்கு" என்றார். "நம்ம ஆளுக்குத் தொண்டை போயிடுச்சு. ஒரு மாசம் பேசக் கூடாதுன்னுட்டார் டாக்டர். நீங்க வந்து வாசிக்கறீங்களா? சாயங்காலத்துலதான் வேலை. பகல்ல கடையைப் பார்த்துக்கலாம்."

ஒரு மாதம். தினமும் படம். பஞ்சநாதனுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் நினைவு வந்தது. "சார், அந்த ஸ்பிட்பயருன்னு எழுதியிருக்கறத மட்டும்..."

"தெரியும். பெட்டி மாறி வந்துடுச்சு. படம் ஹரிக்கேன், பேச்சு ஸ்பிட்பயர். எழுதிப் போட்டிருக்கேன். பதில் வரலை."

"அதுவரைக்கும் ஹரிக்கேன்னே சொல்லிடலாமுங்களே."

இராமலிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். "இந்த ஜில்லாவுல ஸ்பிட்பயர் வாங்கறதுக்குன்னு ஜனங்க மோதிரத்தைக் கழட்டிக் குடுத்திருக்காங்க. நான் போய் அரிக்கேன்னு சொன்னா என்ன நெனைப்பாங்க? நம்ம மோதிரத்துல வெளக்கு வாங்கிட்டானுங்கன்னு நெனைப்பாங்க."

பஸ் பக்கத்தில் காத்திருந்த குருநாதன் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "நீ சொல்லுவியா?" என்று மட்டும் கேட்டார். 

"ஒரு மாசந்தான்யா."

"ஒரு நாளு சொன்னா என்ன, ஒரு மாசம் சொன்னா என்ன. ஹரிக்கேனைப் பார்த்துகிட்டே ஸ்பிட்பயருன்னு வாய் வருமா உனக்கு?"

"தினம் படம் பார்க்கலாம் குருநாதா."

திரும்புகிற வழியில் மேட்டில் பஸ் நின்றபோது குருநாதன் இடது பக்கம் தள்ளினார், இவர் வலது பக்கம் தள்ளினார். மறுநாளிலிருந்து, விலாசம் தப்பிய தந்தியைப் பார்ப்பது போலத்தான் குருநாதன் இவரைப் பார்த்தார்.

முதல் நாள் வாலிகண்டபுரத்தில். பஞ்சநாதன் மைக்கைப் பிடித்து, "இதோ பாருங்கள், எதிரியின் நெஞ்சை நடுங்க வைக்கும்" என்று வந்து, "ஆகாய விமானம்" என்று முடித்தார். பின்னாலிருந்து இராமலிங்கம் நாற்காலியைத் தட்டினார். அந்தப் பெயர் இரண்டாவதாக வந்த இடத்தில் எச்சிலை விழுங்கிக்கொண்டு ஸ்பிட்பயர் என்றார். நாக்கு கூசியது. மூன்று ஊர் தாண்டியதும் கூச்சம் போய்விட்டது. ஐந்தாவது ஊரில், எழுதிக் கொடுக்காத "இரும்புப் பறவை" என்ற வார்த்தையை அவராகவே சேர்த்துக்கொண்டார். இராமலிங்கம் தலையாட்டி ரசித்தார்.

ஜனங்களுக்கு விமானத்தின் பெயரில் அக்கறையே இல்லை என்பது அவருக்கு மெல்லத்தான் புரிந்தது. படத்தில் ஒரு இடத்தில் விமானம் வயல் ஒன்றுக்கு மேலே தாழப் பறக்கும். கீழே ஒரு வெள்ளைக்காரக் குடியானவன் பெரிய குதிரையைக் கட்டி உழுதுகொண்டிருப்பான். எந்த ஊரிலும் அந்த இடத்தில் கூட்டம் எழுந்து நின்றது. வாலிகண்டபுரத்துப் பெரியவர் ஒருவர் படம் முடிந்ததும் காத்திருந்து, "அந்தக் குதிரை ஒரு நாளைக்கு எவ்வளவு தீனி திங்குமுங்க?" என்று கேட்டார். ஆயிரத்து முப்பது குதிரை சக்தியைப் பற்றிப் பேசக் காத்திருந்த பஞ்சநாதனுக்கு அந்த ஒரு குதிரையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உடையார்பாளையத்தில், கால்சட்டை போட்டுக்கொண்டு தொழிற்சாலையில் சுத்தியல் அடிக்கிற பெண்களைத் திரும்பக் காட்டச் சொன்னார்கள். இராமலிங்கம் காட்டினார்.

ஆனால் பஞ்சநாதனுக்கு அவருடைய இடம் ஒன்று இருந்தது. ஏழாவது நிமிஷத்தில் ஒரு விமானம் பக்கவாட்டில் சாய்ந்து அடிவயிற்றைக் காட்டும். இரண்டு சக்கரமும் ஒன்றை ஒன்று பார்த்து உள்ளே மடங்கும். பத்தாவது முறை பார்க்கும்போதும் அங்கே அவருக்கு வாசிக்க வராது. இராமலிங்கம் நாற்காலியைத் தட்டுவார். அந்த ஏழாவது நிமிஷத்துக்காகத்தான் மற்றப் பத்து நிமிஷமும் பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது.

வைகாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்குக் கடையில் பிள்ளையார் படம் ஒன்றுக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தார். கூரை ஓடுகள் கிடுகிடுத்தன. இவ்வளவு தாழ எந்த விமானமும் வந்ததில்லை. எஞ்சின் இருமி இருமி ஓடியது. வெளியே ஓடிப் பார்ப்பதற்குள் அது கிழக்கே மரங்களுக்குப் பின்னால் இறங்கி மறைந்தது. சத்தமும் நின்றது. பக்கத்துக் கடைக்காரரின் சைக்கிளைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு பஞ்சநாதன் மிதித்தார்.

மூன்று மைலில் ஒரு ஏரி. கோடையில் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் நின்றது விமானம். திமில். மழுங்கின இறக்கை நுனி. இருபத்திரண்டு முறை துணியில் பார்த்தது எதிரே நின்றபோது அவர் சைக்கிளைப் பிடித்தபடி தள்ளியே நின்றார்.

இறக்கை நிழலில் ஒரு வெள்ளைக்காரப் பையன், இருபத்தொரு வயதுகூட இருக்காது, உட்கார்ந்து மண் கலயத்தில் கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தான். வழி தப்பி, எண்ணெய் தீர்ந்து இறங்கியிருக்கிறான். கூழ் கொடுத்தவள் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கொளஞ்சியம்மாள். ஐம்பது வயதிருக்கும். ஆடுகள் வால் பக்கத்து நிழலில் படுத்திருந்தன.

"கிட்ட வாங்க தம்பி, ஒண்ணும் பண்ணாது" என்றாள். "மூக்குல மட்டும் கை வெக்காதீங்க. சுடும்."

பஞ்சநாதன் வால் பக்கம் போய்த் தொட்டார். விரல் அழுந்தியது. இரும்பு இல்லை. திரும்ப அழுத்திப் பார்த்தார். "துணி" என்றார், தனக்குத்தானே.

"துணிதான். உள்ளாற கட்டை, கம்பி. மேல துணி. உளுந்தூர்பேட்டையில ஏரோப்ளேன் மைதானம் போட்டப்ப நான் ஒரு வருஷம் கல்லு சுமந்தேன். கிழிஞ்சா ஊசி நூலுல தச்சு, மேல ஒரு பசை தடவுவாங்க. அந்த வாடைக்கு எங்களுக்குத் தலை சுத்தும்."

பன்னிரண்டு ஊரில் இரும்புப் பறவை என்று சொல்லியிருந்தார் பஞ்சநாதன். நோட்டில் எங்கோ படித்ததுதான், பின்பாதி துணி என்று. மைக்கைப் பிடித்ததும் மறந்துபோனது. கையை எடுக்காமல் அப்படியே நின்றார். துணிக்கடியில் எலும்பு எலும்பாகக் கட்டைகள் தட்டுப்பட்டன.

அதற்குள் ஊர் வந்துவிட்டது. சைக்கிளில், வண்டியில், ஓட்டத்தில். கரையில் ஏறியதுமே, "ஸ்பிட்பயர், ஸ்பிட்பயர்" என்று கத்திக்கொண்டு இறங்கினார்கள். அரியலூரில் படம் காட்டியபோது அந்தப் பெயரை அத்தனை சுத்தமாக உச்சரிக்க அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர் பஞ்சநாதன்தான்.

"இது ஸ்பிட்பயர் இல்லைங்க. ஹரிக்கேன்" என்றார்.

முன்னால் வந்த அரிசி மண்டிக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஏன், படத்துல நீங்க காட்டினதே இதுதானே? இதே திமிலு. இதே மூக்கு. ஸ்பிட்பயருன்னு மைக்குல நீங்கதானே சொன்னீங்க?"

"படத்துல வந்ததும் ஹரிக்கேன்தாங்க."

"அப்ப அன்னிக்குப் பொய்யா சொன்னீங்க?"

பக்கத்தில் போலீஸ்காரர் நின்றார். ஒரே வழிதான் இருக்கிறது என்று பஞ்சநாதன் விமானிப் பையனிடம் போனார். எப்போதாவது ஒரு விமானியைச் சந்தித்தால் கேட்பதற்கென்று வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த இங்கிலீஷ் அத்தனையும் அந்த நிமிஷத்தில் ஒரு கேள்வியாகச் சுருங்கியது. ஐயா, இது ஹரிக்கேன்தானே?

பையன் கலயத்தை இறக்கினான். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தான். எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்து, ஸ்பிட்பயர் என்றார்கள். பாவம், போகிற இடத்திலெல்லாம் அவனை அந்த இன்னொரு விமானம் ஓட்டுகிறாயா என்று கேட்டு, இல்லை என்றதும் முகம் வாடியவர்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பானோ. பஞ்சநாதனைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். கூட்டத்தைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கி, "ஸ்பிட்பயர்" என்றான்.

"தொரையே சொல்லிட்டாரு" என்றார் மண்டிக்காரர். "நீங்க என்னமோ வெளக்கு, திரின்னுகிட்டு."

ஐந்து மணிக்கு இராமலிங்கம் வண்டியோடு வந்து சேர்ந்தார். அவர் முகத்தில் வயிற்றுக் கோளாறு தெரியாத முதல் நாள் அது. "கடவுளாப் பார்த்து எறக்கி விட்டிருக்கார்" என்று மைக்கை நீட்டினார். "பக்கத்துல நின்னு நாலு வார்த்தை பேசுங்க. நம்ம ஜனங்க குடுத்த ஸ்பிட்பயர் நம்ம ஏரிக்கே வந்திருக்குன்னு."

"சார், இது..."

"தெரியும். பேசுங்க."

ஆயிரம் பேர் இருப்பார்கள். பஞ்சநாதன் ஒரு கையில் மைக்கும், மறு கை அந்தத் துணி உடம்பின் மேலுமாக நின்று பேசினார். நன்றாகவே பேசினார். சில பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு கிழவி சக்கரத்துக்குக் குங்குமம் வைத்தாள். கடைசி ஆள் போகும்வரை அவர் கையை எடுக்கவில்லை. அன்று வீட்டில் தனம், "ஊரெல்லாம் உங்க பேச்சைத்தான் சொல்றாங்க" என்றாள். அவர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

விடிவதற்குள் திருச்சியிலிருந்து லாரியில் பெட்ரோல் வந்தது. வெயில் ஏறுவதற்கு முன்பே விமானம் போய்விட்டது.

காலை எட்டு மணிக்குக் குருநாதன் கடை வாசலில் நின்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு. கண் சிவந்திருந்தது. மாற்று ஆள் வராமல், நேற்று மத்தியானத்திலிருந்து தந்தி மேசையை விட்டு நகர முடியவில்லை. விடியற்காலையில் விட்டார்கள். ஏரிக்குப் பாதி வழியில் வரும்போதே விமானம் கிளம்பிக் கிழக்கே ஏறிவிட்டது. சூரியன் கண்ணில் அடித்ததில் ஒரு கறுப்புப் பொட்டைத்தான் பார்த்தார்.

"என்ன விமானம்?" என்றார்.

"ஹரிக்கேன்."

"நான் பதினோரு தந்தி அடிச்சேன். பதினொண்ணுலயும் ஸ்பிட்பயர்."

"யாரு எழுதிக் குடுத்தது?"

"உங்க ஆபீசரு." குருநாதன் சுவரில் தொங்கிய விமானத்தைப் பார்த்துக்கொண்டே, "நீயும் பக்கத்துல நின்னு அதத்தான் சொன்னியாம்" என்றார்.

"சொன்னேன்."

"இப்ப நான் எதைய்யா நம்பறது?"

பஞ்சநாதன் ஆணி அடித்துக்கொண்டிருந்த சட்டத்தைக் கீழே வைத்தார். "சக்கரத் தடம் இருக்கும்" என்றார்.

குருநாதன் ஒரு வினாடி யோசித்தார். அவர் முகம் மாறியது. ஸ்பிட்பயருக்குச் சக்கரங்கள் நெருக்கம். ஹரிக்கேனுக்கு அகலம். அந்தச் சின்னப் புத்தகத்திலேயே இருந்தது. "அளவுகோலை எடு" என்றார்.

ஏரியில் ஆயிரம் பேர் மிதித்துத் துவைத்திருந்தார்கள். ஆனாலும் விமானம் கிளம்பி ஓடிய பக்கம் தடம் தெளிவாக இருந்தது. இருவரும் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலிட்டு அளந்தார்கள். ஏழரை அடிக்குக் கொஞ்சம் மேலே. குருநாதன் நம்பாமல் இருபது தப்படி தள்ளி அவரே ஒருமுறை அளந்தார். அதே அளவு. அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஹரிக்கேன்தான்" என்றார். அப்புறம், "புகை விடற எக்ஸாஸ்ட் குழாய் பக்கத்துக்கு எத்தனை இருந்துது?" என்று கேட்டார்.

பஞ்சநாதன் யோசித்தார். "எண்ணலை."

"மணிக்கணக்கா பக்கத்துல நின்னிருக்கே."

"வாலுகிட்டயே நின்னுட்டேன்யா. துணியாருந்துது. கையை எடுக்க மனசு வரலை."

குருநாதன் கோபமாக ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் ஆடுகளோடு கொளஞ்சியம்மாள் வந்து நின்றாள். அளவுகோலையும் முழங்கால் புழுதியையும் பார்த்தாள். "என்னங்க, ஏரியைப் பாகம் பிரிக்கிறீங்களா?"

பஞ்சநாதன் விஷயத்தைச் சொன்னார். நேற்று வந்தது ஸ்பிட்பயர் இல்லை, வேறு ஒன்று, அதைத் தடத்தை வைத்துக் கண்டுபிடித்தோம் என்றார்.

"அதுக்கு எதுக்கு அளக்கணும்? ரெண்டு ஜாதியும் உளுந்தூர்பேட்டையில எறங்கும். ஒண்ணு நெருக்கக் காலு. எறங்கும்போது வாத்து மாதிரி ஆடும். ஒண்ணு அகலக் காலு, பதமா ஒக்காரும். நேத்து வந்தது அகலக் காலு."

"நேத்தே ஏன்க்கா சொல்லலை?"

"எங்கிட்ட யாரு கேட்டா? எல்லாரும் உங்களைத்தானே கேட்டாங்க."

அன்று சாயங்காலம் மீன்சுருட்டியில் படம். பஞ்சநாதன் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார். மறுநாள் போய், இனி வர முடியாது என்றார். இராமலிங்கம் கோபித்துக்கொள்ளவில்லை. பழைய ஆளுக்குத் தொண்டை சரியாகிவிட்டது, ஆனால் உங்கள் குரல் வராது என்று வருத்தப்பட்டார். ஏரியில் இறங்கிய ஸ்பிட்பயர் என்று பேச்சில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்து, யுத்தம் முடியும்வரை ஊர் ஊராகப் போயிற்று. அரியலூர்க்காரர்கள் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டார்கள்.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அந்தக் காலையில் ஏரியில், குருநாதன் எழுந்து வேட்டிப் புழுதியைத் தட்டிக்கொண்டார். கொளஞ்சியம்மாளை இப்போதுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"அக்கா, நெருக்கக் காலு கெளம்பும்போது சத்தம் எப்படி இருக்கும்? அகலக் காலு எப்படி? ரெண்டு எஞ்சின் வெச்சது வந்துருக்கா? நாலு வெச்சது?"

"வந்துருக்கு, எல்லாந்தான் வந்துருக்கு" என்றாள் அவள். "நின்னு கதை பேசினா என் ஆடு கொல்லையில பூந்துடும். அந்த மொட்டைக் கொம்பனை நீங்க மடக்குங்க. தம்பி, நீங்க அந்தக் குட்டிங்களைப் பார்த்துக்குங்க. கரையைத் தாண்டினதும் சொல்றேன்."

தந்தி குமாஸ்தா ரயில்வே தொப்பியோடு கிடாவைத் துரத்தினார். பஞ்சநாதன் அளவுகோலை நீட்டிக் குட்டிகளை ஒதுக்கினார். கொளஞ்சியம்மாள் முன்னால் நடந்துகொண்டே, நாலு எஞ்சின் விமானம் முதல்முதலில் இறங்கிய அன்று மைதானத்தில் காயப்போட்டிருந்த சேலைகள் பறந்துபோனதிலிருந்து ஆரம்பித்தாள்.